தலைப்பேன் சிகிச்சை: தகுந்த முறையைத் தெரிவுசெய்தலும் அதனை முழுமையாக நிறைவேற்றலும்

"உங்கள் பிள்ளையின் வகுப்பில் தலைப்பேன் காணப்பட்டுள்ளது; தயவுசெய்து உங்கள் பிள்ளையின் தலையைப் பரிசோதியுங்கள்." இங்கிலாந்தில் ஆரம்பப் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் பலர் இவ்வாறான கடிதமொன்றை என்றேனும் பெற்றிருப்பர். இக்கடிதம் வகுப்பிலுள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே வாசகத்தில் அனுப்பப்படுவது. எந்தக் குடும்பத்தின் மீதும் சாட்டப்படும் குற்றமன்று. அது மருந்து வாங்கும்படி கூறவில்லை, பரிசோதிக்கும்படியே கூறுகின்றது என்பதையும் கவனித்தல் வேண்டும்.

எனினும் நடைமுறையில் பல வீடுகளில் பரிசோதனைக்கு முன்னரே மருந்து வாங்கப்படுகின்றது. அம்மருந்து ஒரே முறை பூசப்படுகின்றது. இரு வாரங்களின் பின் பேன் மீண்டும் காணப்படும்போது, மருந்து பயனற்றது எனக் கருதி வேறொன்று வாங்கப்படுகின்றது. இவ்வாறு பணம் செலவாகின்றது. பிள்ளையின் தலைத்தோல் புண்படுகின்றது. பேன் மட்டும் அகலுவதில்லை. சிகிச்சை பலிப்பதற்கு மூன்று நிபந்தனைகள் உள்ளன: உயிருள்ள பேன் இருப்பதை உறுதிசெய்தல், சான்றுள்ள ஒரு முறையைத் தெரிவுசெய்தல், அம்முறையைக் குறித்த நாட்களில் இறுதிவரை நிறைவேற்றல். இம்மூன்றையும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. பேனும் ஈரும்: அறிந்திருக்க வேண்டிய அடிப்படைகள்

வளர்ந்த தலைப்பேன் ஏறத்தாழ ஓர் எள்ளின் அளவுடையது. அதன் நீளம் 2 முதல் 3 மில்லிமீற்றர். அதற்கு இறக்கை இல்லை, அது தாவுவதுமில்லை. ஒரு தலை மற்றொரு தலையைத் தொடும்போது முடிவழியே நடந்து சென்று பரவுகின்றது. பிள்ளைகள் ஒரே புத்தகத்தின் மீது குனிந்திருப்பதும், ஒரே திரையைச் சேர்ந்து பார்ப்பதும், ஒரே படுக்கையில் உறங்குவதும் இதற்குப் போதுமானவை. தினமும் முழுகும் தலைக்கும் முழுகாத தலைக்கும் பேன் வேற்றுமை பாராட்டுவதில்லை. ஆகவே பேன் வருதல் அசுத்தத்தின் அடையாளமன்று. அது நோய் எதனையும் பரப்புவதுமில்லை.

பெண்பேன் தன் முட்டைகளைத் தலைத்தோலுக்கு அண்மையில் முடியின் அடியில் பசைபோல் ஒட்டி இடுகின்றது. முட்டை பொரிக்க 7 முதல் 10 நாட்கள் செல்லும். வெளிவந்த குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிடும் நிலையை அடைய மேலும் ஏறத்தாழ 10 நாட்கள் எடுக்கும். பின்னர் விளக்கப்படும் சிகிச்சை நாட்கள் யாவும் இக்கணக்கிலிருந்தே பிறந்தவை.

தமிழில் 'ஈர்' என்னும் சொல் உயிருள்ள முட்டையையும், குஞ்சு வெளியேறிய பின் எஞ்சும் வெற்றுக் கோதையும் ஒருங்கே குறிக்கின்றது. ஆங்கிலத்தில் 'நிட்ஸ்' என்னும் சொல்லும் இவ்வாறே இரு பொருளிலும் வழங்குகின்றது. சிகிச்சையைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஒன்றல்ல. உயிருள்ள முட்டை பழுப்பு நிறமானது. தலைத்தோலை ஒட்டி இருப்பது. வெற்றுக் கோது வெண்மையானது; முடி வளர வளர அதனுடன் மேலேறிச் செல்வது. முடி மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்கின்றது. எனவே தலைத்தோலிலிருந்து ஒரு சென்ரிமீற்றருக்கு அப்பால் காணப்படும் ஈர், பெரும்பாலும் ஒரு மாதத்திற்கு முன் இடப்பட்டுப் பொரித்து முடிந்த வெற்றுக் கோதேயாகும். அதற்கு மருந்து தேவையில்லை.

2. முதற்படி: உயிருள்ள பேனைக் கண்ணாற் காணுதல்

சான்றின்றித் தீர்ப்பு வழங்கலாகாது என்பது நீதிமன்றத்திற்கு மட்டும் உரிய விதியன்று. உயிருள்ள பேன் ஒன்றையேனும் காணாதவரை எவருக்கும் சிகிச்சை தொடங்க வேண்டாம். தலை கடித்தல் போதிய சான்றாகாது. பொடுகு, வறட்சி, தோலழற்சி ஆகியவற்றாலும் தலை கடிக்கும். மறுபுறம், முதன்முறை பேன் தொற்றிய பிள்ளைக்குக் கடி உணர்வு தோன்ற 4 முதல் 6 வாரங்கள்கூடச் செல்லலாம். ஆகையால் தலை கடிக்கவில்லை என்பதும் பேன் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

வெறுங்கண்ணால் முடியை விலக்கிப் பார்த்தல் நம்பத்தக்க முறையன்று. ஒளி பட்டவுடன் பேன் விரைந்து ஒளிந்துகொள்ளும். இதற்கெனச் செய்யப்பட்ட நுண்பற் சீப்பு தேவை. எமது பாட்டிமார் 'ஈர்வலி' என அழைத்த சீப்பின் இன்றைய வடிவமே இது. பற்களுக்கிடையேயான இடைவெளி 0.3 மில்லிமீற்றருக்கு மேற்படாததாக இருத்தல் வேண்டும். மருந்தகங்களில் இதனை வாங்கலாம்.

முடியைச் சிக்கெடுத்து, பகுதி பகுதியாகப் பிரித்து, சீப்புத் தலைத்தோலைத் தொடுமாறு வைத்து நுனிவரை வாருங்கள். ஒவ்வொரு முறையும் சீப்பை வெண்ணிறக் கடதாசியில் துடைத்துப் பாருங்கள். பிள்ளையின் தலையில் உயிருள்ள பேன் காணப்பட்டால், வீட்டிலுள்ள அனைவரையும் அன்றே பரிசோதியுங்கள். தந்தையும், அப்பப்பாவும், அம்மம்மாவும், அறையொன்றில் வாடகைக்கு இருக்கும் உறவினரும் இதில் அடங்குவர். பேன் காணப்பட்ட எல்லோரும் ஒரே நாளில் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். பேன் காணப்படாதோருக்கு 'முன்னெச்சரிக்கையாக' மருந்து பூசுதல் கூடாது. பேன் வருவதைத் தடுக்கும் மருந்து கிடையாது.

3. சான்றுள்ள இரு முறைகள்

இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை இரண்டு முறைகளை எடுத்துரைக்கின்றது. முதலாவது, ஈரத்தலையை நுண்சீப்பால் வாருதல். அதனால் பலன் கிடைக்காவிடின், அல்லது அது இயலாதெனின், மருந்தாளரின் ஆலோசனையுடன் மருந்துநீர் பூசுதல் இரண்டாவது.

அ) ஈரத்தலையை வாருதல்

சாதாரண ஷாம்புவால் தலையைக் கழுவி, கண்டிஷனரை நிறையப் பூசுங்கள். கண்டிஷனர் பேனைக் கொல்வதில்லை. முடியை வழுக்கச் செய்து சீப்பு தடையின்றிச் செல்ல உதவுகின்றது. அடியிலிருந்து நுனிவரை முழுத் தலையையும் இரு தடவைகள் வாருங்கள். கட்டையான முடிக்கு ஏறத்தாழ 10 நிமிடங்களும், நீண்ட அல்லது சுருண்ட முடிக்கு 20 முதல் 30 நிமிடங்களும் தேவைப்படும்.

இதனை 1ஆம், 5ஆம், 9ஆம், 13ஆம் நாட்களில் செய்ய வேண்டும். 17ஆம் நாள் வீட்டிலுள்ள அனைவரது தலையையும் மீளப் பரிசோதிக்க வேண்டும். சனிக்கிழமை தொடங்கும் ஒருவருக்கு நாட்கள் இவ்வாறு அமையும்: சனி, அடுத்த புதன், அதன் பின்னான ஞாயிறு, பின்னர் வியாழன், இறுதிப் பரிசோதனை அதற்கடுத்த திங்கள். நாட்காட்டியில் இவற்றை முன்னரே குறித்து வையுங்கள்.

நான்கு நாட்களுக்கு ஒருமுறை வாருவதன் காரணம் எளிது. முதல் நாள் தப்பிய முட்டைகள் அடுத்த பத்து நாட்களுக்குள் பொரிக்கும். அக்குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடும் முன்னர் சீப்பு அவற்றை அகற்றிவிடும். இடையில் ஒரு நாளைத் தவறவிட்டால், தப்பிய ஒரு பெண்பேன் மீண்டும் முட்டையிடத் தொடங்கிவிடும்.

ஆ) டைமெதிகோன் மருந்துநீர்

டைமெதிகோன் என்பது சிலிக்கோன் வகையைச் சேர்ந்தது. இது பேனின் உடலைச் சுற்றிப் படலமாக மூடிக் கொல்கின்றது. நரம்பைத் தாக்கும் நஞ்சன்று. எனவே பூச்சிகொல்லிகளுக்கு எதிராகப் பேன்கள் பெற்ற எதிர்ப்பாற்றல் இதனைத் தடுப்பதில்லை.

நூற்றுக்கு 4 பங்கு டைமெதிகோன் கொண்ட மருந்துநீரை உலர்ந்த முடியில், தலைத்தோல் முதல் நுனிவரை நனையுமாறு பூசி, குறைந்தது 8 மணித்தியாலங்கள் அல்லது இரவு முழுவதும் விட்டுக் கழுவ வேண்டும். சில தயாரிப்புகளுக்கு 15 நிமிடங்களே போதும். ஆதலால் பொதியில் உள்ள அறிவுறுத்தலை வாசிப்பது இன்றியமையாதது. இம்மருந்து முட்டைகள் யாவற்றையும் கொல்லும் என எதிர்பார்க்க முடியாது. எனவே 7 நாட்களின் பின் மீண்டும் பூச வேண்டும். இவ்விரண்டாவது பூச்சு விருப்பத்திற்குரிய ஒன்றன்று. சிகிச்சையின் மறுபாதியே அதுவாகும்.

இரண்டாவது பூச்சு முடிந்து 2 அல்லது 3 நாட்களின் பின் ஒருமுறையும், மேலும் ஒரு வாரத்தின் பின் ஒருமுறையும் சீப்பால் பரிசோதியுங்கள். இரு தடவைகளும் உயிருள்ள பேன் காணப்படாவிடின் சிகிச்சை நிறைவெய்தியது.

4. எந்த முறை எவருக்குப் பொருந்தும்?

இரு முறைகளுக்கும் ஆய்வுச் சான்று உண்டு. எனினும் எதுவும் முழு உத்தரவாதம் தருவதன்று. பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் 2005இல் வெளியான ஆய்வொன்றில், கண்டிஷனரும் நுண்சீப்பும் கொண்டு வாரியவர்களில் நூற்றுக்கு 57 பேர் குணமடைந்தனர். கடைகளில் கிடைத்த பூச்சிகொல்லி மருந்துகளைப் பயன்படுத்தியவர்களில் 13 பேரே குணமடைந்தனர். 2007இல் வெளியான வேறோர் ஆய்வில், டைமெதிகோன் பூசியோரில் நூற்றுக்கு 70 பேரளவிலும், மலத்தியன் பூசியோரில் 33 பேரளவிலும் குணமடைந்தனர். வேறுபட்ட ஆய்வுகளின் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடல் தகாது. ஆயினும் பழைய பூச்சிகொல்லிகள் வலுவிழந்துவிட்டன என்பது இரண்டிலும் தெளிவாகின்றது.

ஆகவே தெரிவு குடும்பத்தின் நிலையைப் பொறுத்தது. பிள்ளை அமைதியாக அமர்ந்திருப்பாளாயின், நான்கு நாட்களிலும் நேரம் ஒதுக்கக்கூடிய ஒருவர் வீட்டில் இருப்பாராயின், வாருதல் செலவு குறைந்தது. ஒரு சீப்பைப் பலமுறை பயன்படுத்தலாம். பெற்றோர் இருவரும் மாறிமாறி வேலைக்குச் செல்லும் வீட்டிலும், இடுப்பளவு கூந்தலையுடைய பிள்ளைகள் மூவர் உள்ள வீட்டிலும் மருந்துநீர் நடைமுறைக்கு உகந்ததாக இருக்கலாம். ஆனால் நீண்ட, அடர்ந்த கூந்தலுக்கு ஒரு போத்தல் போதாமற் போகலாம். ஒரு போத்தலை மூவருக்குப் பங்கிட்டுப் பூசுவதைவிடச் சீப்பால் ஒழுங்காக வாருதல் மேலானது.

ஆறு மாதத்திற்குக் குறைந்த குழந்தைக்கு மருந்துநீர் பூச முன் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுங்கள். கருவுற்றிருப்போர், பாலூட்டும் தாய்மார், ஆஸ்துமா அல்லது தோலழற்சி உடையோர் தமது நிலையை மருந்தாளரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

5. தீ பற்றிய எச்சரிக்கை

இப்பகுதியைத் தவறாது வாசிக்குமாறு வேண்டுகின்றோம். மருந்துநீர் பூசிய முடி எளிதில் தீப்பற்றக்கூடும். பேன் மருந்து பூசிய முடியில் தீ பற்றிக் கடும் தீக்காயங்கள் ஏற்பட்டதையடுத்து, பிரித்தானிய மருந்து ஒழுங்குபடுத்தும் முகவரகம் 2018 மார்ச்சில் எச்சரிக்கை விடுத்தது.

பொதிகளில் சிகரெட்டும் அடுப்பும் பற்றிய எச்சரிக்கையைக் காணலாம். எமது வீடுகளில் இவற்றுடன் வேறு சுடர்களும் உண்டு: சுவாமி அறையில் ஏற்றிய குத்துவிளக்கு, கற்பூர ஆரத்தி, ஊதுபத்தி, தேவமாதா படத்தின் முன் மெழுகுவர்த்தி, பிறந்தநாள் கேக்கின் மெழுகுவர்த்தி. விளக்கின் முன் குனிந்து கும்பிடும் பிள்ளையின் நெற்றிமுடி சுடருக்கு எவ்வளவு அருகில் செல்கின்றது என்பதை எண்ணிப் பாருங்கள். மருந்து பூசிய நேரம் முதல் அதனை முற்றாகக் கழுவும் வரை, பிள்ளையை இச்சுடர்கள் எவற்றுக்கும் அண்மையில் விடலாகாது. முடி உலர்த்தும் கருவியையும் பயன்படுத்தலாகாது. வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றும் வீடுகளில், சனிக்கிழமை இரவு பூசி ஞாயிறு காலை கழுவுதல் பொருத்தமானது. அடுத்த சனிக்கிழமை இரண்டாவது பூச்சு.

6. தவிர்க்க வேண்டியவை

மண்ணெண்ணெய்: ஊரில் இது வழக்கிலிருந்தது என்பதால் பாதுகாப்பானதாகிவிடாது. தோலை எரிக்கும்; தீப்பற்றும்; நுரையீரலுக்குள் சென்றால் உயிராபத்து விளைவிக்கும்.

அன்னமுன்னா விதை: சீதாப்பழம் எனத் தமிழகத்தில் வழங்கும் இப்பழத்தின் விதையை அரைத்துப் பூசும் வழக்கம் உண்டு. அரைத்த விதை கண்ணிற் பட்டால் கருவிழியைக் கடுமையாகப் புண்படுத்தும்.

மலத்தியன், பெர்மெத்ரின்: இலங்கையில் மலேரியா ஒழிப்பிற்காக வீட்டுச் சுவர்களில் மலத்தியன் தெளிக்கப்பட்டதைப் பெரியோர் நினைவுகூர்வர். இதே சேர்மம் பேன் மருந்தாகவும் நெடுங்காலம் விற்கப்பட்டது. பெர்மெத்ரின் பயனளிக்கும் வாய்ப்புக் குறைவு எனத் தேசிய சுகாதார சேவை அதனை இப்போது பரிந்துரைப்பதில்லை. ஊரிலிருந்து வருவோர் கொண்டுவரும் பேன் மருந்தில் என்ன அடங்கியுள்ளது என்பதை மருந்தாளரிடம் காட்டிக் கேளுங்கள். சிரங்கிற்கு வழங்கப்பட்டு எஞ்சிய பெர்மெத்ரின் களிம்பைத் தலைக்குப் பூச வேண்டாம்.

தேயிலைமர எண்ணெய், யூக்கலிப்டஸ் எண்ணெய், லாவெண்டர் எண்ணெய், மின்சாரச் சீப்பு: இவையும் பரிந்துரைக்கப்படுவதில்லை. தேங்காய் எண்ணெய் வாருவதை இலகுவாக்கலாம். தனியே அது சிகிச்சையாகாது.

மொட்டையடித்தல்: நேர்த்திக்காக முடி இறக்குதல் குடும்பத்தின் விருப்பம். பேனுக்காக ஒரு பிள்ளையின் கூந்தலை வெட்டுதல் தேவையற்றது. வகுப்பில் அப்பிள்ளை தலைகுனிய நேரும் ஒன்றைச் சிகிச்சை எனக் கொள்ளலாகாது.

வீட்டைப் புகையூட்டுதலும், படுக்கைவிரிப்புகள் அனைத்தையும் கொதிநீரில் தோய்த்தலும் தேவையற்றவை. தலையை விட்டு நீங்கிய பேன் ஓரிரு நாட்களில் இறந்துவிடும். அந்நேரத்தைச் சீப்பிற்குச் செலவிடுங்கள்.

7. சிகிச்சை பலிக்கவில்லை எனத் தோன்றினால்

வேறு மருந்தை நாடும் முன், சீப்பில் வந்த பேன்களின் அளவைப் பாருங்கள். பூசிக் கழுவிய மறுநாளே சிறிதும் பெரிதுமாகப் பல அளவுகளில் உயிருள்ள பேன்கள் இருப்பின், மருந்தின் அளவோ நேரமோ போதாதிருந்திருக்கலாம், அல்லது அம்மருந்து பயனற்றது. சில நாட்களின் பின் மிகச் சிறிய குஞ்சுகள் மட்டும் காணப்படின், அவை தப்பிய முட்டைகளிலிருந்து வந்தவை. இரண்டாவது பூச்சு அவற்றிற்காகவே உள்ளது. தலை சுத்தமானதை உறுதிசெய்த பின் வளர்ந்த பேன் ஓரிரண்டு மட்டும் காணப்படின், அவை வேறொரு தலையிலிருந்து புதிதாக வந்திருத்தல் கூடும். அவ்வாறாயின், தொடர்ந்து நெருங்கிப் பழகும் மைத்துனர், மச்சாள், நண்பர் வீடுகளுக்கு அன்புடன் அறிவியுங்கள். வெட்கத்தால் மறைக்கப்படும் பேனே மீண்டும் மீண்டும் வீடு திரும்புவது.

தலைத்தோலில் புண், சீழ், கழுத்தில் நெறி கட்டுதல், காய்ச்சல் என்பன காணப்படின் குடும்ப வைத்தியரை நாடுங்கள்.

8. பாடசாலை, மருந்தகம், உங்கள் உரிமை

தலைப்பேன் காரணமாகப் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாது வைத்திருத்தல் தேவையில்லை. ஐக்கிய இராச்சியத்தின் சுகாதாரப் பாதுகாப்பு முகவரகம் கல்வி நிலையங்களுக்கு வழங்கும் வழிகாட்டலும் இதனையே கூறுகின்றது. பேன் இருப்பதால் பிள்ளையை வீட்டிற்கு அழைத்துச் செல்லுமாறு பணிக்கப்பட்டால், அவ்வழிகாட்டலைச் சுட்டிக்காட்டி அதிபருடன் மரியாதையாகப் பேசலாம். சிகிச்சை தொடங்கியதை வகுப்பாசிரியருக்கு அறிவிப்பது நற்பண்பு. ஆனால் பிள்ளையின் பெயர் ஏனைய பெற்றோருக்கு வெளியிடப்பட வேண்டியதில்லை.

தலைப்பேன் மருந்தைக் குடும்ப வைத்தியர் பொதுவாக எழுதித் தருவதில்லை. 2018 முதல் தேசிய சுகாதார சேவையின் வழிகாட்டலின்படி இது மருந்தகத்தில் நேரடியாக வாங்கப்பட வேண்டியவற்றுள் ஒன்று. மருந்தாளரின் ஆலோசனைக்குக் கட்டணமில்லை, முற்பதிவும் வேண்டியதில்லை. வைத்தியரைச் சந்திக்க நேர்ந்தால், தமிழ் உரைபெயர்ப்பாளர் தேவை என முன்கூட்டியே கேளுங்கள், அதற்கும் கட்டணமில்லை. தன் தலையிலுள்ள பேனைப் பற்றித் தானே உரைபெயர்க்கும் நிலையில் ஒரு பிள்ளையை நிறுத்த வேண்டாம்.

9. மீள்பார்வை

கீழ்வரும் வினாக்களுக்கு விடை கூற முடிந்தால், நீங்கள் சிகிச்சையைத் தொடங்க ஆயத்தமாக உள்ளீர்கள்.

• உயிருள்ள பேனைக் கண்டேனா, அன்றி வெற்று ஈரை மட்டும் கண்டேனா?
• வீட்டிலுள்ள அனைவரையும் ஒரே நாளில் பரிசோதித்தேனா?
• மருந்தாயின், ஒவ்வொருவருக்கும் போதிய அளவு உள்ளதா? 7 நாட்களின் பின் பூசும் நாள் எது?
• வாருதலாயின், 1, 5, 9, 13, 17 ஆகிய நாட்கள் நாட்காட்டியில் குறிக்கப்பட்டுள்ளனவா?
• மருந்து பூசியிருக்கும் நேரத்தில் வீட்டில் எந்த விளக்கும் அடுப்பும் பிள்ளைக்கு அருகில் எரியாதென்பதை உறுதிசெய்தேனா?

வாரத்தில் ஒருநாள் பிள்ளையின் தலையை நுண்சீப்பால் வாரிப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். ஆரம்பத்திலேயே காணப்படும் பேனை அகற்றுவது எளிது. பாடசாலையிலிருந்து அடுத்த கடிதம் வரும்போது பதற்றமும் இராது.